ஞாயிற்றுக்கிழமை வந்த வழி

தமிழில் 'ஓய்தல்' என்னும் சொல் இரு பொருள் தருவது. களைத்து வலியிழத்தலையும் ஓய்தல் என்கிறோம். செய்யும் வேலையை நிறுத்தி இளைப்பாறுதலையும் ஓய்தல் என்கிறோம். 'அலைந்து அலைந்து ஓய்ந்து போனான்' என்பதும், 'இன்று ஓய்வாக இருக்கிறான்' என்பதும் ஒரே வேரிற் கிளைத்தவை. நோயும் மருந்தும் ஒரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன. ஆனால், நோய் உழைப்பவர் எல்லார்க்கும் கேளாமலே வந்து சேர்ந்தது. மருந்து அவ்வாறு வரவில்லை. அதனைச் சிலர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட இடம் நாம் குடியேறி வாழும் இந்நகரம் என்பதை நம்மவருள் பலர் அறியார்.

யானும் நெடுங்காலம் அறியாதவனாகவே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது வெள்ளையர் தம் தேவாலயப் பழக்கத்தை ஒட்டி நமக்குத் தாமாக விட்டுச் சென்ற ஒன்று என்றே எண்ணியிருந்தேன். அரசாங்க அலுவலகங்களைப் பொறுத்த வரையில் அவ்வெண்ணம் தவறன்று. ஆலைத் தொழிலாளரைப் பொறுத்த வரையில் அது முழுத் தவறு. இதனை எனக்கு உணர்த்தியது நூல் அன்று, ஒரு மயக்கம். 1987-ஆம் ஆண்டில் யான் கணக்கெழுதி வந்த தனியார் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை வந்தது. தொடர்ந்து பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் அலுவலகம் சென்றேன். எவரும் கட்டாயப்படுத்தவில்லை, 'வர இயலாது' என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அவ்வளவே. பன்னிரண்டாம் ஞாயிறன்று காலை, தாதர் நிலையத்து மேம்பாலப் படிகளில் கண் இருண்டு விழுந்தேன். பரேலில் என்னைப் பார்த்த மருத்துவர் முதியவர், மராட்டியர். அவருடைய பாட்டனார் ஆலையில் நூல் நூற்றவராம். மருந்து ஏதும் எழுதாமல், "லோகண்டே வாங்கிக் கொடுத்த நாளை நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். லோகண்டே யார் என்று கேட்க வெட்கமாக இருந்தது. பின்னர்த் தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

பழைய நாளில் நம் நாட்டில் ஓய்வே இல்லாதிருந்ததோ எனின், இல்லை. அதற்கு வேறு கணக்கு இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசையும் பௌர்ணமியும் அவற்றை ஒட்டிய நாட்களும் விடுமுறை. உவா என்னும் பழஞ்சொல் சிறுவர் நாவில் 'வாவு' ஆகி, விடுமுறைக்கே பெயராயிற்று. நாட்டுப்புறங்களில் அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் உண்டு. திங்களின் வளர்பிறையும் தேய்பிறையும் பார்த்து மனிதன் கை ஓய்ந்தான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யான் புகழ வரவில்லை. நிலமில்லாக் கூலியாளுக்கு அன்றும் ஓய்வு என்பது பட்டினிக்கு மறுபெயராகவே இருந்திருக்கும். எனினும் வானத்தில் ஓர் அளவு இருந்தது. அவ்வளவை எவரும் மறுக்கவில்லை.

ஆலை வந்தபோது அந்த அளவு போயிற்று. பம்பாயில் காவஸ்ஜி டாவர் என்னும் பார்ஸி வணிகர் 1854-ஆம் ஆண்டில் தொடங்கிய நூற்பாலை 1856-இல் ஓடத் தொடங்கியது. அதன்பின் தார்தேவ், பரேல் என்று புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வந்து குவிந்தனர். அவர்களுக்கு வேலை நேரம் விதித்தவர் கதிரவனே. விடிந்தால் ஆலை ஓடும், இருட்டினால் நிற்கும். கோடையிற் பகல் நீளும்போது உழைப்பும் உடன் நீண்டது. வாரத்தில் இன்ன நாள் விடுமுறை என்ற உறுதி இல்லை. இன்றைய வாசகர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. சில ஞாயிறுகளில் பொறிகளை நிறுத்தியதுண்டு. ஆனால் பொறியைத் துடைத்து எண்ணெயிடுவதற்காக அன்றும் தொழிலாளி வந்தாக வேண்டும். பொறிக்கு ஓய்வு, அதனை ஓட்டியவனுக்கு இல்லை. இன்றும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளைப் பழுது பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் 'மெகா பிளாக்' என்று சில மணி நேரம் வண்டிகளை நிறுத்துகிறார்கள். இருப்புப் பாதைக்கும் இளைப்பாறுதல் வேண்டும் என்பதை ஐயமின்றி ஒப்புக்கொள்கிறோம். அதனைக் குறை கூறிக்கொண்டே அன்று அலுவலகம் செல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்!

முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அதன் பிறப்பைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்ள எவருக்கும் இடமில்லை. பம்பாயில் மலிவாக நெய்த துணி தம் விற்பனையைக் கெடுக்கிறதே என்று அஞ்சிய லங்காஷயர் ஆலை முதலாளிகள், இந்திய ஆலைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று இங்கிலாந்தில் வற்புறுத்தினர். அவர்தம் இரக்கத்தின் உள்ளே இலாபக் கணக்கு இருந்தது. அது கண்ட நம் நாட்டுத் தேசிய இதழ்கள் பலவும், 'இளந்தொழிலை நசுக்கும் சூழ்ச்சி' என்று சட்டத்தையே எதிர்த்தன. சூழ்ச்சி என்பது உண்மைதான். ஆனால் இரு தரப்பாரும் வாதிட்ட அம்மேடையில், விடியலில் எழுந்து ஆலைக்கு ஓடிய ஏழு வயதுப் பிள்ளைக்கு இடம் இருந்ததா? சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டாரை வேலைக்கு வைத்தலாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமும், இடையே ஒரு மணி ஓய்வும், மாதத்துக்கு நான்கு விடுமுறையும் விதித்தது. வயது வந்த ஆணையும் பெண்ணையும் பற்றி அது வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர் நாராயண மேகாஜி லோகண்டே. 1848-இல் பிறந்தவர், மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் வழி நின்றவர், ஆலை ஒன்றின் பண்டகசாலையில் பணி செய்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டவர். 1880 முதல் 'தீனபந்து' என்னும் மராத்தி இதழைப் பம்பாயிலிருந்து நடத்தினார். 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 23, 26 ஆகிய நாட்களில் அவர் கூட்டிய தொழிலாளர் கூட்டங்களில் ஒரு விண்ணப்பம் உருவாயிற்று. 5,500 தொழிலாளர் அதில் ஒப்பமிட்டனர். அவர்கள் கேட்டவை யாவை? ஞாயிறுதோறும் ஒரு முழுநாள் ஓய்வு. நண்பகலில் அரை மணி இடைவேளை. காலை ஆறரை மணிக்கு முன் வேலை தொடங்காமை. பொழுது சாயும்போது நிறுத்துதல். அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் கூலி. விபத்தில் அடிபட்டோர்க்குத் துணை. கூலியை உயர்த்துமாறு அவ்விண்ணப்பத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் முதன்முதலிற் கேட்டது காலம். உண்ணவும் உறங்கவும் தம் மக்களின் முகத்தைப் பகல் வெளிச்சத்திற் பார்க்கவும் வேண்டிய காலம்.

'ஏன் ஞாயிறு?' என்ற கேள்விக்கு இங்குள்ள மராட்டிய நண்பர்கள் ஒரு விடை கூறுவர். ஜேஜுரி மலையில் உறையும் கண்டோபா, ஆலைத் தொழிலாளர் பலர்க்குக் குலதெய்வம்; ஞாயிறு அத்தெய்வத்துக்கு உரிய நாள். துரைமார்க்குத் தேவாலயம், தொழிலாளிக்குக் கண்டோபா. ஒரே நாள் இருவருக்கும் பொருந்திற்று என்பர். விடை எவ்வாறாயினும் வேண்டுகோள் உடனே பலிக்கவில்லை. பம்பாய் ஆலைத்தொழிலாளர் சங்கம் என்று லோகண்டே அமைத்த அமைப்புக்கு உறுப்பினர் பதிவேடு இல்லை, நிதி இல்லை, விதிமுறை இல்லை. ஆதலின் அதனைச் சங்கமே அன்று என்பாரும் உளர். ஆண்டுவிழா மலர் வெளியிடும் நம்மைப் போன்ற சங்கத்தார்க்கு அது வியப்பாக இருக்கலாம்! பதிவேடு இல்லாத அச்சங்கம் ஆறாண்டு ஓயாது கேட்டது. 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடந்த கூட்டத்துக்குப் பதினாயிரம் பேர் வந்தனர். பெண் தொழிலாளர் இருவர் எழுந்து பேசினர். அக்காலத்தில் பதினாயிரம் பேர் முன்னிலையில் ஆலைப் பெண்கள் பேசியது சிறு செய்தி அன்று. அதே ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறையை ஏற்றது. மறு ஆண்டு, 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையையும் நண்பகல் அரை மணி நிறுத்தத்தையும் எல்லார்க்கும் உரியதாக்கியது. பெண்களுக்கு 11 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. 1897-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அந்நோய்க்கே லோகண்டேயும் பலியானார். இந்திய அஞ்சல் துறை 2005-இல் அவர் நினைவாக ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.

நிற்க. வாரத்தின் எல்லை கிடைத்தது. நாளின் எல்லை கிடைக்கவில்லை. வயது வந்த ஆண் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லாதபோதும், இருள் சொல்லி வந்தது. 1905-ஐ ஒட்டி ஆலைகளில் மின்விளக்கு வந்தது. இருளின் அதிகாரம் ஒழிந்தது. நாளுக்கு 14, 15 மணி நேரம் ஆலைகள் ஓடத் தொடங்கின. விளக்கு நன்மை தரும் பொருள். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவில் படிப்பதும் அதன் ஒளியில்தான். ஆனால், வேலையை நிறுத்துவதற்கு இயற்கை கூறிவந்த காரணத்தை அது நீக்கிவிட்டது. நம் காலத்துக் கைப்பேசி செய்திருப்பதும் அதுவே என்று எனக்குத் தோன்றும். அலுவலகத்துக்குக் கதவு இருந்தது. கதவை அடைத்தால் வேலை உள்ளே கிடந்தது. இன்று அது சட்டைப்பையில் உடன் வருகிறது.

இவ்விடத்தில்தான் நம் தென்னாடு இக்கதைக்குள் நுழைகிறது. நீண்டுபோன நேரத்தை ஆராய 1907-இல் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் உறுப்பினருள் ஒருவர், சென்னையில் மருத்துவம் நடத்திய டாக்டர் டி. எம். நாயர், பிற்காலத்தில் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவராக நாம் அறிந்தவர். வயது வந்த ஆணின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாக வரையறுத்தல் வேண்டா என்றே ஆணைக்குழுவின் பெரும்பான்மையோர் 1908-இல் முடிவு கூறினர். நாயர் உடன்படவில்லை, நேரடியாக வரையறுத்தே ஆக வேண்டும் என்று மாறுபட்ட குறிப்பு எழுதி இணைத்தார். மருத்துவர் அல்லரோ? உடலுக்கு ஓர் எல்லை உண்டு என்பது அவர்க்கு அரசியற் கொள்கை மட்டும் அன்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டம், துணியாலைகளில் ஆண்களுக்கும் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது.

சென்னை மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஆற்றிய உதவிக்குப் பம்பாய் ஏழே ஆண்டுகளில் கைம்மாறு செய்தது எனலாம். பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோர், மாலை வேளைகளில் பக்திச் சபை ஒன்றிற் கூடுவது வழக்கம். அவர்கள்பால் அன்பு கொண்ட வணிகர் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் அவர்தம் குறைகளைக் கேட்டுவந்தனர். முதன்மையான குறை ஒன்று: உண்பதற்கு விட்ட அரை மணி போதவில்லை. 1884-இல் பம்பாய்த் தொழிலாளி கெஞ்சிக் கேட்ட அதே அரை மணி! கிடைத்தபின் அது போதாது என்பது தெரிந்தது. கை கழுவி, சோற்றுத் தூக்கைத் திறந்து, இரண்டு கவளம் உண்டு எழுவதற்குள் சங்கு ஊதிவிடும். இக்குறையைச் செட்டியாரும் நாயுடுவும் அடையாற்றுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே கேட்டவர் பி. பி. வாடியா, பம்பாயிற் பிறந்த பார்ஸி. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவர். தமிழறியாத தலைவர்க்கும் ஆங்கிலம் அறியாத தொழிலாளர்க்கும் இடையே திரு.வி.க.வின் தமிழ் பாலமாக நின்றது. முறையான தொழிற்சங்கங்களுள் இந்நாட்டில் முற்பட்டது இதுவே என்பர். அதனைப் பிறப்பித்த மனக்குறைகளுள் ஒன்று பகலுணவுக்குப் போதாத நேரம் என்பதை நாம் மறத்தலாகாது. மேநாளை இந்தியாவில் முதன்முதற் கொண்டாடியதும் சென்னையே. 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடினார். மெரீனாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரையும் பார்க்குந்தோறும், இவர்கள் இறக்கி வைத்து உட்கார்ந்த காட்சியை ஏன் ஒரு சிற்பியும் வடிக்கவில்லை என்று எண்ணுவேன்.

பிறகு நிகழ்ந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று முடிவு செய்து, இந்தியாவுக்கு 60 என்று விலக்களித்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த 60-ஐ ஏற்றது. 1934-இல் அது 54 ஆயிற்று. டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1946-இல் 48 ஆயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், 20 நாள் உழைத்தவர்க்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையையும் சேர்த்தது. அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு, உழைப்பவர் ஓய்வை முழுமையாகத் துய்க்க வழி செய்தலை அரசின் கடமைகளுள் ஒன்றாக எழுதிவைத்தது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்க 24 ஆண்டுகள் ஆயின என்பதைக் கணக்கர் என்ற முறையில் குறித்து வைக்கிறேன்.

ஏறுவதற்கு அவ்வளவு காலம் ஆகாது போலும். 2023-இல் பெருந்தொழிலதிபர் ஒருவர் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அடிமை நாட்டுச் சட்டமே 1922-இல் 60-க்கு மேல் கூடாது என்றதை அவர் நினைவிற் கொண்டாரோ, அறியேன். அதே 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலைக்கு இடமளிக்கும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மேநாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மருத்துவ அறிவோ நாயரின் பக்கமே நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு மிகுதி என்கிறது. பணிக் களைப்பு முற்றி மனம் வறண்டு போவதை 2019-இல் அந்நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் குறித்தது. நோய் என்று அன்று, தொழிலிடத்தில் விளையும் நிலை என்று. குறை உடலிலன்று, வேலையில் என்பதே அவ்வேறுபாட்டின் பொருள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பிள்ளைக்கு 9 மணி நேரம் விதித்தது. நம் குடியிருப்பில் ஒரு சிறுமி காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகிறாள், பிற்பகலில் 'கிளாஸ்', மாலையில் வேறொரு 'கிளாஸ்', இரவில் வீட்டுப்பாடம். யாரேனும் கணக்குப் பார்த்தோமா? சென்னையிற் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், மாநிலங்களவை நியமன உறுப்பினராக 1989-இல் ஆற்றிய முதல் உரையை முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கே செலவிட்டார். மூட்டை சுமந்து அவர்கள் கூன் விழுவதையும், விளையாடப் பொழுதின்றி வாடுவதையும் எடுத்துரைத்தார். பின்னர் 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, மறு ஆண்டில் 'சுமையற்ற கல்வி' என்னும் கருத்தில் அறிக்கை தந்தது. பையின் எடையினும் கொடியது, பொருள் விளங்காமல் படிக்கும் சுமையே என்று அக்குழு கூறியது. அறிக்கை வந்தது, பை இறங்கவில்லை. ஆலைப் பிள்ளைக்கு ஒரு லோகண்டே வாய்த்தார். பள்ளிப் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர் நாமே. 'கிளாஸ்' கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு வருபவரும் நாமே.

பம்பாய் ஆலைகள் இன்று இல்லை. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. புகைபோக்கி நின்ற இடங்களில் வணிக வளாகங்களும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே இரவு பத்து மணிக்கும் விளக்கொளியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் லோகண்டேயின் ஞாயிறு விட்டுச்சென்ற ஒன்று இன்னும் இருக்கிறது. அதனை நம்மவர் கவனித்ததில்லை. வந்தேறிய ஊரில் தமிழர் கூடிச் சங்கம் வைத்தது எந்தக் கிழமையில்? தமிழ் வகுப்பு ஞாயிறு காலை, நூலகம் திறப்பது ஞாயிறு, பொதுக்குழு ஞாயிறு, நாடக ஒத்திகை ஞாயிறு மாலை. வாரத்தின் ஏழாம் நாளும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் உரியதாக இருந்திருப்பின், இம்மலரை அச்சிடவும் படிக்கவும் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

இவ்வாண்டு விழா நாடகத்துக்குச் சென்ற மூன்று ஞாயிறுகளாக ஒத்திகை நடந்து வருகிறது. அரசன் வேடம் பூணும் இளைஞர் மென்பொருள் நிறுவனத்தில் பணி புரிகிறார். முதல் இரு ஞாயிறும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அரசன் இல்லாமலே அமைச்சரும் புலவரும் வெறும் நாற்காலியை வணங்கிப் பேசினர். மூன்றாம் ஞாயிறு அவர் வந்தார். கைப்பேசியை நூலகத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்துவிட்டு மேடை ஏறினார். இரண்டு மணி நேரம் இழுப்பறைக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. யான் திறக்கவில்லை.